நிறப்புல ஓவியம்: துணிக்குள் ஊறிய வண்ணம்

நிறப்புல ஓவியம் என்பது 1940-களின் இறுதியில் நியூயார்க்கில் தோன்றி, 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்காவில் வளர்ந்த அரூப ஓவிய வகை. உருவம், காட்சி, கதை ஆகியவற்றை விலக்கிவிட்டு, பெரிய கேன்வாஸ் பரப்பில் நிறத்தையே முதன்மைப் பொருளாக வைத்தது இது. மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன், கிளிஃபோர்ட் ஸ்டில் ஆகியோர் இதன் முன்னோடிகள். அவர்களுக்கு அடுத்து வந்த ஹெலன் ஃபிராங்கந்தாலர், மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் ஆகியோர் வண்ணத்தைத் துணியின் மேல் பூசாமல் துணிக்குள் ஊறவிட்டனர். கறையூட்டும் முறை என்று அறியப்படும் இந்த உத்தி, வண்ணம் என்ற பொருள் எப்படி ஓடுகிறது, எப்படிப் பரவுகிறது, எப்படிக் காய்கிறது என்பதையே ஓவியத்தின் உள்ளடக்கமாக மாற்றியது. பின்னாளில் இந்த ஓவியங்களுக்கு நேர்ந்த சிக்கல்களும் அதே இடத்திலிருந்துதான் தொடங்கின.

பூச்சும் சாயமும்

சுவருக்கு வண்ணம் அடிப்பவர் செய்வது பூச்சு. சாயப்பட்டறையில் நூலுக்கு நடப்பது சாயம் ஏறுதல். பூச்சு மேலே ஒரு தோலாக நிற்கும். காலம் போனால் உரியும். சாயம் நூலோடு கலந்துவிடும். நூலையும் நிறத்தையும் பிரிக்க முடியாது. ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் பல நூற்றாண்டுகளாகப் பூச்சாகவே இருந்து வந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு முதலில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை தடவுவார்கள். அதன் மேல் வெள்ளை அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகே ஓவியர் தூரிகையை எடுப்பார்.

இந்த ஏற்பாடு அழகுக்காக வந்ததல்ல. எண்ணெய் வண்ணத்தில் நிறமியைப் பிணைப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது அதில் அமிலங்கள் உண்டாகின்றன. எண்ணெய் நேரடியாக நூலில் இறங்கினால் நூல் பழுப்பேறும், நாளடைவில் முறுமுறுத்து நொறுங்கும். பசையும் அடிப்பூச்சும் துணிக்குக் கவசம். ஓவியக் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவருக்குச் சொல்லித்தரும் பாடம் இது. 1950-களின் ஓவியர்களும் அதைப் படித்தவர்களே. தெரிந்தேதான் மீறினார்கள்.

பொல்லாக்கின் கறுப்பு

மீறலின் தொடக்கம் ஜாக்சன் பொல்லாக்கிடம் இருக்கிறது. 1947 முதல் அவர் லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில், கேன்வாஸைத் தரையில் விரித்து வண்ணத்தை மேலிருந்து ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்தார். ஓவியக் கடையில் விற்கும் குழாய் வண்ணம் அப்படி ஒழுகாது. ஆகவே வீட்டுக் கதவுக்கும் இயந்திரங்களுக்கும் அடிக்கும் எனாமல் வண்ணத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஓவியங்களில் வண்ணம் இழை இழையாகத் துணியின் மேல் படிந்து நிற்கிறது.

1951-இல் அவர் வேறொன்று செய்தார். அடிப்பூச்சே இல்லாத பருத்தித் துணியில் கறுப்பு எனாமலை மட்டும், சமையலறையில் இறைச்சிக்குச் சாறு பீய்ச்சும் குழலால் வரைந்தார். நீர்த்த கறுப்பு துணிக்குள் இறங்கி ஓரங்களில் கசிந்தது. வண்ண ஓவியங்களை விரும்பிய வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கறுப்பு ஓவியங்கள் பிடிக்கவில்லை. ஆனால் அவற்றைக் கவனித்துப் பார்த்தவர்களில் ஓர் இளம்பெண் இருந்தார்.

1952 அக்டோபர் 26

ஹெலன் ஃபிராங்கந்தாலர் 1928 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் ஃபிராங்கந்தாலர் நியூயார்க் மாநில நீதிபதி. பென்னிங்டன் கல்லூரியில் 1949-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கலை விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கின் அறிமுகம் கிடைத்தது. அவர் வழியாகப் பொல்லாக்கின் ஓவியங்களையும், பிறகு ஸ்பிரிங்ஸ் கொட்டகையையும் பார்த்தார்.

1952 கோடையில் அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதிக்குப் பயணம் செய்து, கடலோர மலைகளை நீர்வண்ணத்தில் சிறு படங்களாக வரைந்தார். திரும்பியதும், அக்டோபர் 26 அன்று, நியூயார்க் 23-ஆம் தெருவில் இருந்த பணிக்கூடத்தில் ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடி அளவுள்ள பருத்தித் துணியைத் தரையில் விரித்தார். பசையும் இல்லை, அடிப்பூச்சும் இல்லை. கரித்துண்டால் சில கோடுகள் இழுத்தார். டர்பன்டைனில் நீர்போலக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றிப் பரவவிட்டார். அன்றே முடிந்த அந்த ஓவியம் ‘மலைகளும் கடலும்’. ஓவியருக்கு அப்போது வயது 23.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் அதில் நீர்வண்ணம் போல மெலிந்து இருக்கின்றன. ஆனால் நீர்வண்ண ஓவியம் மடியில் வைத்துப் பார்க்கும் அளவினது. இது ஒரு சுவரையே நிறைக்கிறது. பொல்லாக்கிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது தரையையும் ஊற்றுவதையும் மட்டுமே. பொல்லாக்கின் ஊற்றல் கோடாகிறது, கையின் வேகத்தைக் காட்டுகிறது. ஃபிராங்கந்தாலரின் ஊற்றல் பரப்பாகிறது. வண்ணம் எங்கே நிற்கும் என்பதில் பாதியை ஓவியரும் மீதியைத் துணியின் நெசவும் தீர்மானித்தன. ஓவியத்தை அருகில் பார்த்தால் ஒவ்வொரு நிறத்திட்டைச் சுற்றியும் மங்கலான எண்ணெய் வளையம் தெரியும். நிறமி ஓரிடத்தில் தங்கிவிட, எண்ணெயும் கரைப்பானும் நூல் வழியே மேலும் நகர்ந்ததன் தடம் அது. வேறொரு ஓவியர் அதைக் குறை என்று நினைத்துத் துணியை மடித்து வைத்திருப்பார்.

ஓவியம் உடனே புகழ்பெறவில்லை. விற்கவும் இல்லை. ஓவியரிடமே தங்கிய அது பின்னர் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு நீண்டகாலக் கடனாகச் சென்றது.

வாஷிங்டனிலிருந்து வந்த இருவர்

1953 ஏப்ரலில் கிரீன்பெர்க், வாஷிங்டனில் வாழ்ந்த இரு ஓவியர்களை அந்தப் பணிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். ஒருவர் மோரிஸ் லூயிஸ்; வயது 40, பால்டிமோரில் பிறந்தவர், பெயர் பெறாதவர். மற்றவர் கென்னத் நோலண்ட். 1924-இல் வட கரோலினாவில் பிறந்து, பிளாக் மவுண்டன் கல்லூரியில் படித்தவர். இருவரும் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தைப் பார்த்தனர். ஊர் திரும்பியதும் சில வாரங்கள் இருவரும் ஒரே துணியில் சேர்ந்து வரைந்தும் பார்த்தார்கள்.

ஃபிராங்கந்தாலரைப் பொல்லாக்குக்கும் அடுத்துச் சாத்தியமானதற்கும் இடையிலான பாலம் என்று லூயிஸ் பின்னர் குறிப்பிட்டார். பாராட்டாகவே சொன்னார். கிரீன்பெர்க் 1960-இல் லூயிஸையும் நோலண்டையும் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சொல் கலை வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. பாலம் என்பது கடந்து செல்வதற்கு உரியது. யாரும் அங்கே தங்குவதில்லை. ஃபிராங்கந்தாலர் அதன் பின் 50 ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தார். 1966-இல் வெனிஸ் இருபதாண்டு விழாவில் அல்ல, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் பங்கேற்ற நால்வரில் ஒருவராக இருந்தார். 1969-இல் விட்னி அருங்காட்சியகம் அவரது ஓவியங்களைத் தொகுத்துக் காட்டியது. இருந்தும் பல பாடநூல்களில் அவர் ஒரே ஓவியத்தின் ஆசிரியராகவும், இரு ஆண்களுக்கு வழிகாட்டிய ஒருநாள் சந்திப்பாகவும் சுருங்கினார். கிரீன்பெர்க் 1955 வரை அவருடைய காதலராக இருந்ததும் இந்தச் சுருக்கத்தைக் கூடுதலாகச் சிக்கலாக்கியது. அந்த வரலாற்றை எழுதியவரும் சந்திப்பை ஏற்பாடு செய்தவரும் ஒருவரே.

மாக்னா

லூயிஸின் ஓவியங்களை வண்ணத் தயாரிப்பாளர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் விளக்க முடியாது. லெனார்ட் போக்கூர் நியூயார்க்கில் ஓவியர்களுக்குக் கையால் வண்ணம் அரைத்துக் கொடுத்தவர். அவரும் அவருடைய மருமகன் முறையான சாம் கோல்டனும் 1940-களின் பிற்பகுதியில் மாக்னா என்ற வண்ணத்தை உருவாக்கினர். எண்ணெய்க்குப் பதிலாக அக்ரிலிக் பிசினில் நிறமியைப் பிணைத்த வண்ணம் அது. இன்று கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் தண்ணீரில் கரையும். மாக்னா தண்ணீரில் கரையாது. டர்பன்டைன் போன்ற கரைப்பானில் கரையும். தண்ணீரில் கரையும் லிக்விடெக்ஸ் 1950-களின் நடுவில்தான் சின்சினாட்டியிலிருந்து சந்தைக்கு வந்தது. ஃபிராங்கந்தாலர் 1960-களின் தொடக்கத்தில் அந்த வகைக்கு மாறினார்.

மாக்னாவில் எண்ணெய் இல்லை. ஆகவே துணியை அரிக்கும் ஆபத்தும் குறைவு, எண்ணெய் வளையமும் விழாது. எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் நிறத்தின் செறிவு ஓரளவு நிலைத்தது. இன்னொரு பண்பும் உண்டு. காய்ந்த மாக்னாவின் மேல் மீண்டும் கரைப்பான் பட்டால் அது இளகும். எனவே ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஓடவிட்டால் கீழ் அடுக்கு சற்றுக் கரைந்து மேலதோடு கலக்கும். லூயிஸ் 1954-இலும் பிறகு 1958 முதலும் வரைந்த ‘திரைகள்’ வரிசை முழுவதும் இந்தப் பண்பின் மேல் நிற்கிறது. ஆரஞ்சு, பச்சை, ஊதா எனப் பல நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வழிந்து, பழுப்பும் கறுப்பும் கலந்த மெல்லிய திரையாக ஒன்றுசேர்கின்றன. அடியில் இருந்த நிறங்கள் ஓரங்களில் மட்டும் தலைகாட்டும்.

1960-இல் போக்கூர் வண்ணத்தின் கலவையை மாற்றி, எளிதில் ஓடும் வகையைத் தயாரித்தார். லூயிஸுக்கு அது பெரிய கலன்களில் சென்றது. அந்த மாற்றத்துக்குப் பின் லூயிஸின் ஓவியங்களில் நிறங்கள் பிரிந்து, தெளிந்து, தனித்தனி ஓடைகளாயின. கலை வரலாறு இதை ஓவியரின் வளர்ச்சிக் கட்டமாக எழுதுகிறது. அதில் பாதியையாவது பட்டறையில் கலவையை மாற்றியவருக்குக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு அறை

லூயிஸ் வாஷிங்டன் வீட்டின் சாப்பாட்டு அறையில் வரைந்தார். அறை ஏறத்தாழ 12 அடிக்கு 14 அடி. பகலில் அவருடைய மனைவி மார்செல்லா பிரென்னர் வேலைக்குச் சென்ற பின் வரைந்து, அவர் திரும்புமுன் அறையை ஒழுங்குசெய்துவிடுவார். வரைவதைப் பார்க்க யாரையும் அவர் அனுமதித்ததில்லை. எப்படி ஊற்றினார், துணியை எப்படிச் சாய்த்தார் என்பவை எல்லாம் ஓவியங்களைப் பார்த்துப் பிறர் ஊகித்தவையே.

1960–61-இல் வரைந்த ‘விரிவுகள்’ வரிசையில் இரு ஓரங்களிலிருந்தும் நிற ஓடைகள் கீழ்நோக்கிச் சரிகின்றன. நடுவில் வெறும் துணி. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஆல்ஃபா-பை’ ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அறையில் அதை முழுதாக விரிக்கவே இடம் போதாது. பகுதி பகுதியாக வரைந்து, காய்ந்ததும் சுருட்டி வைத்தார். இந்த வரிசையில் மிகப் பெரும்பாலானவற்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையில் அவர் பார்க்கவே இல்லை.

1962 கோடையில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. செப்டம்பர் 7 அன்று இறந்தார், வயது 49. அடைத்த அறையில் பல ஆண்டுகள் கரைப்பானின் ஆவியைச் சுவாசித்ததே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது ஊகம்தான் என்றாலும், அந்தக் காலத்து ஓவியர்கள் கரைப்பான்களை எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டனர் என்பதை நினைத்தால் ஒதுக்கிவிட முடியாத ஊகம். அவர் விட்டுச் சென்ற நூற்றுக்கணக்கான சுருள்களை எந்த அளவில் சட்டமிடுவது, எந்தப் பக்கம் மேலாகத் தொங்கவிடுவது என்பவற்றில் கிரீன்பெர்க்கின் சொல்லுக்குப் பெரிய இடம் இருந்தது. பல ஓவியங்களின் எபிரேய, கிரேக்க எழுத்துப் பெயர்களும் அவர் இறந்த பின் இடப்பட்டவை.

வாஷிங்டன் வட்டம்

நோலண்ட் வேறு வழியில் சென்றார். 1950-களின் இறுதியில் சதுரத் துணியின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களை வரையத் தொடங்கினார். வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதற்காகவே வட்டம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது ஒன்றே கேள்வி. வண்ணம் துணியில் ஊறிவிடுவதால் அழித்துத் திருத்த வழியில்லை. தவறினால் துணி போயிற்று.

1965-இல் வாஷிங்டன் நவீனக் கலைக்கூடம் லூயிஸ், நோலண்ட், ஜீன் டேவிஸ், தாமஸ் டவுனிங், ஹோவர்ட் மெஹ்ரிங், பால் ரீட் ஆகிய அறுவரின் ஓவியங்களைச் சேர்த்துக் காட்டியது. வாஷிங்டன் நிறப் பள்ளி என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. அறுவரும் வெள்ளை இனத்து ஆண்கள். அதே நகரில் வாழ்ந்த கறுப்பின ஓவியர் சாம் கில்லியம் 1968 வாக்கில் கறையூட்டிய துணியைச் சட்டத்திலிருந்தே கழற்றி, கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார். வண்ணம் துணியோடு ஒன்றாகிவிட்டது என்றால் துணி ஏன் பலகைபோல் விறைத்து நிற்க வேண்டும் என்ற கேள்வியை இறுதிவரை கொண்டுசென்றவர் அவர்தான். இந்த முறையில் மற்ற எவரையும்விடத் துணிச்சலான அடி அது. 1972-இல் வெனிஸ் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் அவர் பங்கேற்றார்.

வெறும் துணியின் முதுமை

வார்னிஷ் பூசிய பழைய எண்ணெய் ஓவியத்தில் அழுக்குப் படிந்தால் வார்னிஷைக் கரைத்து எடுத்துப் புதிதாகப் பூசலாம். கறையூட்டிய ஓவியத்தில் வார்னிஷ் கிடையாது. துணியே முகம். நிறமில்லாமல் விட்ட பகுதி ஓவியத்தின் வெளிச்சம். அது வெயிலிலும் தூசியிலும் மஞ்சளாகும்போது நிறங்களின் உறவே மாறுகிறது. மாக்னாவைக் கரைப்பானால் துடைத்தால் வண்ணமும் கரைந்து வரும். லூயிஸுக்கு உதவிய பண்பு இன்று பாதுகாப்பு நிபுணருக்குத் தடை.

2006 பிப்ரவரியில் டெட்ராய்ட் கலைக்கூடத்துக்குப் பள்ளிச் சுற்றுலா வந்த 12 வயதுச் சிறுவன், ஃபிராங்கந்தாலரின் 1963-ஆம் ஆண்டு ஓவியமான ‘வளைகுடா’வில் மென்ற சூயிங்கத்தை ஒட்டிவிட்டான். கம் எளிதாக வந்துவிட்டது. அதிலிருந்து துணியில் இறங்கிய சிறு கறையைப் போக்கத்தான் நிபுணர்கள் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது.

ராத்கோவின் சிவப்பு

ராத்கோ கறையூட்டும் தலைமுறைக்கு மூத்தவர். 1903-இல் இன்றைய லாட்வியாவில் பிறந்தவர். அவரும் மெலிந்த அடுக்குகளையே நம்பினார். பசையில் நிறமி கலந்து துணிக்கு ஏற்றுவார். அதன் மேல் எண்ணெய், முட்டை, பிசின் என்று கலந்த மெல்லிய வண்ண அடுக்குகள். 1962-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக அவர் வரைந்த பெரிய ஓவியங்களில் ஐந்து, 1964-இல் ஹோல்யோக் மையத்தின் மேல்தள உணவறையில் பொருத்தப்பட்டன. அடர்ந்த செம்மை நிறப் பின்புலத்துக்கு அவர் பயன்படுத்தியது லித்தால் சிவப்பு என்ற செயற்கை நிறமி. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் தன்மை கொண்டது அது.

அறையில் பெரிய சன்னல்கள் இருந்தன. திரைச்சீலையை மூடி வைக்க வேண்டும் என்று ராத்கோ விரும்பினார். விருந்துக்கு வந்தவர்களோ நகரத்தைப் பார்க்கத் திரையைத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே சிவப்பு போய், இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் வெளிறிய நீலம் வெளிப்பட்டது. நாற்காலி இடித்த தழும்பும், உணவு தெறித்த கறையும், யாரோ கிறுக்கிய பெயரும் கூடச் சேர்ந்தன. 1979-இல் ஓவியங்களைக் கழற்றிக் கிடங்கில் வைத்தனர். ராத்கோ 1970-லேயே இறந்திருந்தார்.

மேலே வண்ணம் பூசிச் சரிசெய்வது இயலாத காரியம். வார்னிஷ் இல்லாத பரப்பில் இடும் புதிய வண்ணம் பழையதோடு ஊறிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. ராத்கோ கவனமாக அமைத்த மங்கலும் பளபளப்பும் அதில் மறைந்துபோகும். ஹார்வர்ட் நிபுணர்கள் ஓவியத்தைத் தொடாமலே நிறத்தைத் திருப்பித் தர முயன்றனர். 1964-இல் எடுத்த வண்ணப் படச்சுருள்கள் இருந்தன. அவையும் வெளுத்திருந்ததால் முதலில் அவற்றின் நிறத்தைக் கணினியில் மீட்டனர். அறையில் பொருத்தப்படாமல் எஞ்சியதால் வெளுக்காமல் இருந்த ஆறாவது ஓவியம் ஒப்புநோக்க உதவியது. பிறகு, இன்றைய ஓவியத்தில் எந்தப் புள்ளியில் எவ்வளவு சிவப்புக் குறைகிறதோ அவ்வளவை மட்டும் ஒளியாக வீசும் படம் ஒன்றைத் தயாரித்து, ஒளிவீழ்த்தி மூலம் ஓவியத்தின் மேல் விழச் செய்தனர்.

2014 நவம்பரில், புதுப்பித்துத் திறந்த ஹார்வர்ட் கலை அருங்காட்சியகங்களில் ஐந்து ஓவியங்களும் இவ்வாறு காட்சிக்கு வந்தன. ஒளியில் கையை நீட்டினால் கையின் நிழல் விழும் இடத்தில் வெளிறிய துணி தெரியும். இது மீட்பா, மாயத்தோற்றமா என்ற விவாதம் பாதுகாப்புத் துறையில் அப்போதே எழுந்தது. அருங்காட்சியகம் நாள்தோறும் மாலை 4 மணிக்கு ஒளிவீழ்த்தியை அணைத்தது. அந்த நேரத்துக்கென்றே வந்து காத்திருந்த பார்வையாளர்கள் உண்டு.